இரவில் எழும் முதியோர்

ஞாயிறு முதல் திருப்பலியின்போது பீடத்திலிருந்து இறைமக்களை நோக்கும் வேளைகளில் ஒரு காட்சி நம் கண்ணில் தவறாமல் படுகிறது. முதிய ஆடவர் பலர் கோயிலின் கடைசி வரிசைகளில், அதிலும் பக்கவாட்டுக் கதவை ஒட்டியே அமர்ந்திருப்பர். முன்வரிசை இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கும். தொலைவில் நின்று மன்றாடிய ஆயக்காரரின் தாழ்ச்சி இவர்களிடம் குடிகொண்டுள்ளது என்று எவரேனும் இதற்கு ஞானப்பொருள் கூறலாம். உண்மைக் காரணம் எளியது. அந்தக் கதவைத் தாண்டினால் கழிவறை இருக்கிறது. மறையுரை சற்று நீண்டுவிட்டால், எவர் கவனத்தையும் ஈர்க்காமல் எழுந்து செல்ல அந்த இடமே வசதியானது.

மஞ்சக்குப்பத்திலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் வீடு சந்திக்கச் செல்லும்போது, முதியோர் நம்மிடம் எதையும் மறைப்பதில்லை. முழங்கால் வலி, கண்புரை, ஓய்வூதியம், வெளிநாட்டில் வாழும் மகன் என்று பேச்சு நீளும். செபம் முடிந்து விடைபெற்று வாசல்வரை வந்தபின், மருமகள் உள்ளே சென்றுவிட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் அவர்கள் சொல்வது வேறொன்று. "ராத்திரியில அஞ்சு தடவ எழுந்திருக்கிறேன் சாமி. வயசாயிடுச்சு, வேற என்ன?"

"வேற என்ன?" என்பது நம் பேச்சுவழக்கில் விடை வேண்டாத வினா. ஆயினும் இவ்விடத்தில் அதற்கு விடை உண்டு. வயதைத் தவிர வேறு பல உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குருவானவர் எழுதத்தக்க பொருளா இது என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுலடியார் திருச்சபையை மனித உடலுக்கு ஒப்பிடுகிறார். குருமடத்தில் அப்பகுதியைத் திருச்சபையைப் பற்றிய பாடமாகவே பயின்றோம். ஆனால் அந்த ஒப்புமைக்கு வேராக இருப்பது உடலைப் பற்றிய நேரான உண்மை. ஓர் உறுப்பின் நோவில் மற்றெல்லா உறுப்புகளுக்கும் பங்குண்டு என்கிறார் அவர். மூடி மறைக்கும் உறுப்புகளையே மனிதர் கூடுதல் அக்கறையோடு பேணுகின்றனர் என்றும் நினைவூட்டுகிறார். எனவே, திருத்தூதர் கூசாமல் தொட்ட பொருளை நாமும் கூசாமல் தொடலாம்.

முதலில் எல்லாரும் அறிந்த காரணத்தைச் சொல்லிவிடுவோம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளமையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். பெரிய நெல்லிக்காய் ஒன்றை மனத்தில் கொண்டால் அதன் அளவு விளங்கும். நடுவயதுக்குப்பின் அது மெல்ல வளர்கிறது. 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், 80ஐக் கடந்தோரில் பெரும்பாலோரிடமும் இவ்வளர்ச்சியைக் காணலாம். இது புற்றுநோயன்று. வளர்ந்த சுரப்பி குழாயை நெருக்கும்போது நீர் பிரியத் தாமதமாகும், தாரை மெலியும், முடிந்தபின்னும் சொட்டும், பை முழுதும் காலியாகாததால் மீண்டும் போகவேண்டும் என்னும் உணர்வு எழும்.

இதனால் முதியவரின் எல்லாச் சிறுநீர்த் தொல்லைக்குமான பழி இந்தச் சுரப்பியின்மேல் விழுந்துவிடுகிறது. ஆனால் மருத்துவர்கள் கூறும் செய்தி ஒன்று சிந்திக்கத்தக்கது. சுரப்பி மிகப் பெரிதாய் வளர்ந்த சிலர் எத்தொல்லையுமின்றி உறங்குகின்றனர். சிறிதளவே வளர்ந்த சிலரோ இரவெல்லாம் அல்லற்படுகின்றனர். சுரப்பியின் அளவும் தொல்லையின் அளவும் ஒத்துப்போவதில்லை. அப்படியாயின் உடலின் வேறு பகுதிகளிலிருந்தும் காரணங்கள் வந்து சேர்கின்றன என்பது தெளிவு.

நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்லவேண்டும். அவர் மனமுவந்து இசைவு தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். 70 வயதைக் கடந்தவர். பல ஆண்டுகள் பாடகர் குழுவை வழிநடத்தியவர். ஒரு தவக்காலத்தில் அவர் கோயிலுக்கு வருவது குறைந்தது. பாஸ்கு விழாவுக்கும் வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தோம். "பாதிப் பூசையில எழுந்து போறது மரியாதையா சாமி? அதான் வீட்டுலயே செபமாலை சொல்லிக்கிறேன்" என்றார். கால்மாட்டில் குடிநீர்ச் செம்பு இருந்தது. அதில் நீர் குறையவே இல்லை.

அவ்வாண்டு வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு பேருந்தில் புறப்பட்டார். கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாகச் செல்லும் அந்தப் பயணம் பல மணிநேரம் பிடிக்கும். வழியில் வண்டியை நிறுத்தும்படி நடத்துநரிடம் கேட்கும் நிலை வந்துவிடக்கூடாது என்று அஞ்சி, எவருக்கும் தெரியாமல் அவர் இரண்டு செயல்களைச் செய்தார். இதயத்துக்காகக் காலைதோறும் உட்கொண்டுவந்த நீர் மாத்திரையை முதல்நாளே நிறுத்தினார். தண்ணீர் குடிப்பதையும் ஏறத்தாழ நிறுத்திக்கொண்டார். அன்னையின் திருத்தலத்தில் தங்கிய மூன்று நாளும் அவ்வாறே கழிந்தன. ஊர் திரும்பிய இரவில் அவரால் மல்லாந்து படுக்க இயலவில்லை. மூச்சு முட்டியது, கால்கள் தூண்களைப்போல் வீங்கியிருந்தன. மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்து, இறையருளாலும் மருத்துவர் திறத்தாலும் மீண்டார்.

அவர் மாதந்தோறும் இதய மருத்துவரைச் சந்தித்து வந்தவர்தாம். அவரிடம் இதயத்தைப் பற்றி மட்டும் பேசினார். சிறுநீரைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. இரண்டும் ஒரே உடலில் நிகழ்பவை என்பதை மருத்துவமனையில்தான் அவருக்கு விளக்கினார்கள்.

இதயம் தளர்ந்தவர்க்கும், கால் நரம்புகளில் இரத்தம் தேங்குகிறவர்க்கும் பகல் முழுவதும் உடலின் நீர் கால்களில் இறங்கிக் கட்டிக்கொள்கிறது. இரவில் படுத்தவுடன் அந்நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகங்கள் அதைப் பிரித்து வெளியேற்றுகின்றன. கடலூர்க்காரர்க்கு இதை விளக்குவது எளிது. இங்கே மழை ஓய்ந்து வானம் வெளுத்தபின்பும் கெடிலத்தில் வெள்ளம் வருவதுண்டு. மேற்கே பெய்த மழை தாமதித்து இங்கு வந்து சேர்கிறது. முதியவரின் இரவுச் சிறுநீரும் அத்தகையதே. பகலில் காலில் தேங்கிய நீர் இரவில் வந்து சேர்கிறது. ஒருநாள் முழுவதும் பிரியும் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவு உறக்க வேளையில் பிரியுமானால், காரணத்தைச் சிறுநீர்ப்பையில் மட்டும் தேடிப் பயனில்லை. இதயம், கால்கள், சிறுநீரகம், உறக்கம் ஆகியவற்றையும் ஆராயவேண்டும் என்பது மருத்துவ நெறி.

ஆசிரியருக்கு மருத்துவர்கள் செய்தவை பெரிய சிகிச்சைகள் அல்ல. நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றி, உறங்கும் முன்பே அதன் வேலை முடியும்படி செய்தார்கள். இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொண்ட அம்லோடிபின் மாத்திரை சிலர்க்குக் கால்வீக்கம் தருவது. அதற்கு ஈடாக வேறொன்றைத் தந்தார்கள். பிற்பகலில் சிறிது நேரம் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். ஐந்துமுறை எழுந்தவர் இப்போது இரண்டுமுறை எழுகிறார். வாசகர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம். மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்றும் பொறுப்பு மருத்துவருடையது. நாமே மாற்றிக்கொள்வதன் விளைவைத்தான் அந்த வேளாங்கண்ணிப் பயணம் காட்டியது.

அவர் உணவிலும் ஒரு மாற்றம் வந்தது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் நம் கடற்கரையில் சோறு இறங்குவதில்லை. மிகுந்த உப்பு தாகத்தைக் கூட்டுகிறது. நீரை உடலில் தேக்குகிறது. தேங்கிய நீர் இரவில் வெளியேறுகிறது. ஜப்பானின் நாகசாகிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. நாளொன்றுக்கு 10.7 கிராமாக இருந்த உப்பை 8 கிராமாகக் குறைத்துக்கொண்டவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 முறையாகக் குறைந்தது. மாத்திரையின்றி, கத்தியின்றி, உப்புச் சாடியைச் சற்றே தள்ளிவைத்ததால் கிடைத்த பயன் இது.

அடுத்து, சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேர்க்குச் சற்று மேல் என்பது அதன் கணக்கு. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் சிறுநீரகம் அதைத் தடுத்து வைக்க இயலாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகையால் முதியவர் ஒருவர் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று உடல் அறிவிப்பதாகவும் அது இருக்கலாம்.

நாட்பட்ட சர்க்கரை வேறொரு தீங்கையும் செய்கிறது. பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதுபோலவே சிறுநீர்ப்பையின் நரம்புகளையும் அது மரத்துப்போகச் செய்கிறது. பை நிறைந்தது தெரிவதில்லை. நிறைந்தபின் முழுதாய்ச் சுருங்கும் ஆற்றலும் குன்றுகிறது. தேங்கி நிற்கும் நீரில் கிருமிகள் பெருகுகின்றன. இத்தகையவர்க்குச் சுரப்பியை மட்டும் அறுவை செய்தால் எதிர்பார்த்த நலம் முழுதாய்க் கிடைப்பதில்லை. சர்க்கரைக்காக அண்மைக் காலத்தில் பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தருபவை என்றாலும், சிறுநீரின் அளவை அவை கூட்டும். இதை முன்னரே அறிந்தவர் அஞ்சுவதில்லை. அறியாதவர் புராஸ்டேட் முற்றிவிட்டது என்று கலங்குகிறார்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஐப்பசி மழையில் நனைந்து ஜலதோஷம் பிடித்தது. மருந்துக் கடையில் சளிக்கு மாத்திரை வாங்கி இரண்டு நாள் விழுங்கினார். மூன்றாம் நாள் இரவு நீர்க்கட்டு ஏற்பட்டு, ஒரு சொட்டும் பிரியாமல் துடித்தார். மருத்துவமனையில் குழாய் செருகி நீரை வெளியேற்றிய பின்பே அவருக்கு உயிர் வந்தது. சளி மாத்திரைகள் பலவற்றில் மூக்கு ஒழுகலை நிறுத்தும் மருந்து ஒன்றும், மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து ஒன்றும் கலந்துள்ளன. முன்னது சிறுநீர்ப்பை சுருங்கும் வலிமையைக் குறைக்கிறது. பின்னது பையின் வாயை இறுக்குகிறது. முன்பே சுரப்பி வளர்ந்து குறுகிய வழியில் இவ்விரண்டும் சேர்ந்தால் கதவு சாத்தப்படுகிறது. நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மாத்திரைகள் சிலவற்றுக்கும் இத்தன்மை உண்டு. அந்தப் பெரியவர்க்குப் பல நாள் மலச்சிக்கலும் இருந்தது. இறுகிய மலம் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும் என்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். சிறுநீருக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்கிறவர் மலச்சிக்கலை வரவழைத்துக்கொள்கிறார். அது மீண்டும் சிறுநீரையே தாக்குகிறது.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சிறுநீர்ப்பையோடு உள்ள தொடர்பும் நெருக்கமானது. பக்கவாதம் கண்டவர்க்கும், பார்க்கின்சன் என்னும் நடுக்கவாதம் உள்ளவர்க்கும், முதுகெலும்புத் தேய்வு நரம்பை நசுக்கியவர்க்கும் பை தன் கட்டுப்பாட்டை இழக்கிறது. திடீரென்று அவசரம் எழும், நடையோ மெதுவானது, கழிவறையை அடையுமுன்பே வேட்டி நனைந்துவிடும். இது சோம்பலோ பிடிவாதமோ அன்று, நரம்பின் நோய்.

இவ்விடத்தில் திருச்சபை நன்கு அறிந்த ஒருவரை நினைவுகூர்வது தகும். 1986 பிப்ரவரி 5 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னை மண்ணில் கால்வைத்தபோது நாம் பள்ளி மாணவர். உறுதியான நடையும் ஓங்கிய குரலும் கொண்டிருந்த அவரை, பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் சிறிது சிறிதாகச் சிறைப்படுத்தியதை உலகமே கண்டது. 2005 மார்ச் 31 அன்று சிறுநீர்ப் பாதையில் ஏற்பட்ட தொற்றினால் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஏப்ரல் 2 அன்று இரவு இறைவனடி சேர்ந்தார். வத்திக்கான் வெளியிட்ட இறப்புச் சான்றிதழ் எதையும் மறைக்கவில்லை. குருதியில் நஞ்சு பரவிய அதிர்ச்சியும் இதயச் செயலிழப்பும் இறப்புக்குக் காரணங்கள் என்று கூறி, உடனிருந்த நோய்களாக அது அடுக்கியவை இவை: பார்க்கின்சன் நோய், மூச்சுத் திணறல், புராஸ்டேட் வீக்கமும் அதனால் சிறுநீரில் மூண்ட கடுந்தொற்றும், இரத்த அழுத்தமும் இதய நோயும். நடுக்கம் ஒரு மருத்துவர்க்கு, மூச்சு ஒரு மருத்துவர்க்கு, சிறுநீர் ஒரு மருத்துவர்க்கு என்று நாம் பிரித்து வைப்பவை யாவும் ஒரு முதியவரின் உடலில் ஒன்றையொன்று பற்றி நின்றதை அந்த ஒற்றைத் தாள் காட்டுகிறது. புனிதராக உயர்த்தப்பட்ட ஒருவரின் சான்றிதழில் இடம்பெறத் தகுதி பெற்ற நோயை நம் வீட்டுப் பெரியவர் வாய்விட்டுச் சொல்ல ஏன் நாணவேண்டும்?

நம்மைப் பற்றியும் ஒரு சொல். ஐம்பதுகளின் நடுவைத் தாண்டிவிட்ட நாமும் இரவில் இருமுறை எழத் தொடங்கினோம். மருத்துவர் சிறுநீரைப் பற்றி இரண்டு கேள்விகளும், உறக்கத்தைப் பற்றிப் பத்துக் கேள்விகளும் கேட்டார். "குறட்டை உண்டா ஃபாதர்?" என்றார். தனித்து உறங்கும் குருவானவர் இதற்கு எவ்வாறு சாட்சி சொல்வது? ஆண்டுத் தியானத்தின்போது பக்கத்து அறையில் தங்கிய உடன்குருக்கள் இருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர்கள் தயக்கமின்றி, சற்று மகிழ்ச்சியுடனேயே சாட்சியம் அளித்தனர்.

பருத்த உடலும் குறட்டையும் உடையோரில் சிலர்க்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. அடைபட்ட தொண்டை வழியே மூச்சை இழுக்க நெஞ்சு போராடும்போது இதயத்தின் மேலறை விரிகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று கருதும் இதயம், நீரை வெளியேற்றுமாறு சிறுநீரகத்துக்கு ஒரு சுரப்பின் வழியே கட்டளை அனுப்புகிறது. சிறுநீர் வந்ததால் விழித்தோம் என்று அவர் எண்ணுகிறார். உண்மையில் மூச்சுத் தடையே அவரை எழுப்பியிருக்கலாம். மூச்சுக் கோளாற்றைச் சரிசெய்தால் இரவில் எழுவதும் குறைகிறது. நமக்கு உறக்கச் சோதனை செய்யப்பட்டது. எடையைக் குறைக்கும்படி அறிவுரையும் கிடைத்தது. ஆகவே, இப்போது வைகறையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். அங்கு நம்மோடு நடக்கும் பெரியவர்கள் பலரின் பேச்சும் இதே திசையில் செல்வதைக் கேட்டபோதுதான் இக்கட்டுரை எழுதும் எண்ணம் பிறந்தது.

இவ்வளவு தொடர்புகள் இருந்தும் இவை ஏன் மருத்துவரின் செவியை எட்டுவதில்லை? கூச்சமே தடை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியபின் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் முதியோரின் வீட்டு வாசலுக்கே வந்தன. அருமையான பணி. ஆனால் அவற்றைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் மகள் வயதுடைய பெண்கள். அவர்களிடம் இதைச் சொல்லப் பெரியவரின் நா எழவில்லை. மகனிடம் சொல்லத் தன்மானம் இடந்தரவில்லை. மனைவி இருந்தவரை அவர் அறிந்திருந்தார். அவரும் இறைவனிடம் சென்றபின் அறிபவர் எவருமில்லை.

கூச்சத்தை வென்ற ஒருவரை நம் மாநிலம் அறியும். தந்தை பெரியார் தம் முதிய வயதில் சிறுநீர்க் கோளாற்றுக்கு ஆளாகி, குழாய் பொருத்தப்பெற்று, சிறுநீர் சேரும் கலத்தை உடன்கொண்டே ஊர் ஊராகச் சென்று பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் தம் கடைசிச் சொற்பொழிவை ஆற்றினார். ஐந்து நாள் கழித்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 94ஆம் வயதில் மறைந்தார். கடவுளைப் பற்றி அவர் கூறியவற்றில் நமக்கு உடன்பாடில்லை. எனினும், தம் உடலின் தளர்ச்சி ஊரறிய இருந்தும், அதற்காக அவர் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட நம் ஆசிரியரிடம் இதைக் கூறியபோது அவர் சிரித்துவிட்டார். நெடுநாளைக்குப்பின் நாம் கண்ட சிரிப்பு அது.

இனி, செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்வோம். மருத்துவரிடம் செல்லுமுன் மூன்று நாள் ஒரு சிறு குறிப்பேட்டில் கணக்கு எழுதவேண்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் அருந்தினோம், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிந்தது என்பதை அளவு குறித்த பழைய குவளை ஒன்றால் அளந்து எழுதினால் போதும். பகலில் மிகுதியா, இரவில் மிகுதியா, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், எந்த மருத்துவர் தந்ததாயினும், கடையில் வாங்கியதாயினும், நாட்டு மருந்தாயினும், ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். கால்வீக்கம், குறட்டை, மலச்சிக்கல், நடையில் தடுமாற்றம் ஆகியவற்றையும் கேளாமலே சொல்லவேண்டும். சுரப்பிக்குத் தரப்படும் மாத்திரைகள் சிலவும், இரத்த அழுத்த மாத்திரைகளும், எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைத் தாழ்த்தித் தலைசுற்றச் செய்யும். இரவில் எழுகிறவர் கட்டில் விளிம்பில் சற்று அமர்ந்து, பின்பு விளக்கைப் போட்டு எழவேண்டும். இருட்டில் கழிவறைக்குச் சென்று வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு நோயில்பூசுதல் அளிக்கச் சென்ற அனுபவம் நமக்குப் பலமுறை உண்டு.

காலம் தாழ்த்தலாகாத அடையாளங்கள் சிலவும் உள்ளன. வலியே இல்லாமல் ஒருமுறை மட்டும் சிறுநீரில் இரத்தம் கண்டாலும் மருத்துவரைக் காணவேண்டும். புகைப்பழக்கம் இருந்தவர் இதில் இன்னும் விழிப்பாக இருக்கவேண்டும். நீர் முற்றிலும் அடைபட்டாலும், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முன்பு இல்லாத படுக்கை நனைதல் புதிதாகத் தொடங்கினால், அது பை நிரம்பி வழிவதன் அறிகுறியாகலாம். நீண்டநாள் தேங்கும் நீர் ஓசையின்றிச் சிறுநீரகங்கள் இரண்டையும் கெடுத்துவிடும். புற்றுநோய் குறித்த ஐயம் உள்ளவர் அதற்கான இரத்தப் பரிசோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம்.

பங்குச் சமூகத்துக்கும் இதில் கடமை உண்டு. ஆசிரியரின் வரலாற்றுக்குப்பின் நம் பங்குப் பேரவையில் இப்பொருள் பேசப்பட்டது. முதலில் சிலர் தலைகுனிந்து சிரித்தனர். பிறகு, ஒவ்வொருவராகத் தம் தந்தையைப் பற்றிப் பேசினர். கோயிலுக்கு அருகிலேயே படியில்லாத, கைப்பிடி வைத்த கழிவறை ஒன்று கட்டப்பட்டது. திருப்பயணப் பேருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை நிற்கும் என்று முன்னரே அறிவிக்கிறோம். எவரும் தனித்துக் கேட்கவேண்டியதில்லை. திருப்பலியின் நடுவே எழுந்து செல்வது அவமரியாதை ஆகாது என்று பீடத்திலிருந்தே ஒருமுறை சொன்னோம். ஆசிரியர் மீண்டும் வருகிறார். ஆர்மோனியத்தின் அருகே, கதவுக்குப் பக்கத்தில் அவருக்கென ஓர் இருக்கை உண்டு.

இதை வாசிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தை தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தால், வெளியூர்த் திருமணங்களைத் தவிர்த்தால், கோயிலில் இடம் மாறி அமர்ந்தால், அவர் சொல்லாத ஒன்றை அச்செயல்கள் சொல்லிக்கொண்டிருக்கலாம். குறிப்பேட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்களின் பெயர்களை நீங்களே ஒப்பிக்கவேண்டாம். மருத்துவரின் முன் அவரை அமரவைத்தபின், சிறிது நேரம் வெளியே நில்லுங்கள். அவர் பேசுவார்.